பூஜ்யம்னா பூஜ்யம்தான்

“நல்லா வெளிச்சத்துல பிடிச்சுப் பாரும்மா. புள்ளி புள்ளியாத் தெரியும்” என்றார் முதலாளி.

லேப் அக்கா கண்ணாடித் தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“ஒண்ணுமே இல்ல சார். பூஜ்யம்.”

“என்னது? மில்லிக்குப் பத்துக் கோடி உயிர்னு லேபிள் அடிச்சாச்சு!”

“அடிச்சது நீங்க. எண்ணுறது நான்.”

முதலாளி புதிதாகத் தயாரித்திருந்தது வயலுக்கு ஊற்றும் உயிர் உரம். பயிருக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அதில் கோடிக்கணக்கில் இருப்பதாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோடியை யார் எண்ணுவது? அதனால் ஒரு பங்கு உரத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கு அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படியே நீர்க்கவிட்டு, கடைசியில் தட்டில் ஊற்றி வைத்தால் ஒவ்வொரு உயிரும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணிக் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அக்காவின் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பாட்டிலும் வாசலைத் தாண்டாது. வெள்ளிக்கிழமை மொத்த வியாபாரி வரும்போது கையெழுத்து இல்லாவிட்டால் அக்கா வாசலைத் தாண்டிவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“நீ உரத்துல தண்ணி கலக்குறியா, எனக்குத் தண்ணி காட்டுறியா?” என்றார் இப்போது. “இத்தனை தடவை முக்கி எடுத்தா எந்த உயிர்தான் தாங்கும்?”

“இது நீச்சல் போட்டி இல்ல சார்.”

“குழாயைக் குறை!”

குறைத்தாள். மறுநாளும் தட்டு பளிச்சென்று இருந்தது. தண்ணீரே கலக்காமல் ஊற்றச் சொன்னார். ஊற்றினாள். அதுவும் பளிச். முன்பாவது அதிகமாக நீர்த்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

“ஆலையிலருந்து சாம்பிளை நானே எடுத்து, என் வீட்டுலயே பத்திரமா வெச்சு, காலையில நானே உன் கையில தர்றேன். அப்போ தப்பு யார்கிட்ட?” என்று பாய்ந்தவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே களத்தில் இறங்கினார்.

தட்டைத் திறந்து வைத்துவிட்டு போனில் பேசினார். உரத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டை மேஜையில் உருட்டினார். இரண்டு முறை தும்மினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தட்டெல்லாம் பச்சை மயிர் முளைத்துக் கிடந்தது.

“பாத்தியா! உயிர்!”

“பூஞ்சை சார். காத்துல வந்து உக்காந்தது. மீதி உங்க தும்மல். தண்ணி அதிகமாக் கலந்த கடைசித் தட்டுலதான் எல்லாத்தையும்விட அதிகமா இருக்கு. கலக்கக் கலக்கப் பெருக இது என்ன அட்சய பாத்திரமா?”

அன்று வீட்டில் கணவன் இதமாகச் சொல்லிப் பார்த்தான். “நூறு புள்ளின்னு எழுதிட்டு நிம்மதியா இரேன். யாரு எண்ணப் போறாங்க?”

“நான் எண்ணுவேன். அதுக்குத்தானே வெச்சிருக்காங்க?”

“வெச்சிருக்கிற வரைக்கும்” என்றான் அவன், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலை போனால் இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது. ஆனால் இல்லாத புள்ளியை இருக்கிறது என்று எழுதச் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பி ஊற்றுகிறவன் வயல் என்ன ஆவது?

வெள்ளிக்கிழமை மொத்த வியாபாரி வந்தார். முதலாளி பேனாவை அக்காவிடம் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. தட்டுகளை வரிசையாக வியாபாரி முன்னால் வைத்தாள்.

“எண்ணிக்குங்க சார். தண்ணி கலந்தாலும் பூஜ்யம், கலக்காட்டியும் பூஜ்யம். இவர் எனக்குக் கொண்டு வந்து குடுத்ததுல ஒரு உயிரும் இல்ல. செத்ததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நாளையிலருந்து உனக்கு வேலை இல்ல!” முதலாளி அலறினார்.

“நாளை வரைக்கும் எதுக்கு?” அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

வியாபாரி எழுந்துவிட்டார். முதலாளி குறுக்கே விழுந்து தடுத்தார். “ஒரு நிமிஷம் சார்! இது இவ கைராசி. இன்னிக்கு சாம்பிளை அவசரத்துல வீட்டுலயே மறந்துட்டேன், என் சம்சாரம் எடுத்துட்டு வந்துட்டிருக்கா. உங்க கண்ணெதிர்லயே திறந்து கலக்கச் சொல்றேன். நீங்களே வேற லேபுக்கும் எடுத்துட்டுப் போங்க.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி துண்டில் சுற்றிய பாட்டிலோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார். அதை அக்காவிடம் கொடுத்தார்.

வாங்கிய வேகத்தில் அக்கா அதை மேஜையில் வைத்துவிட்டு விரல்களை உதறினாள். “என்ன மேடம், இப்படிச் சுடுது?”

“சுடாம? ராத்திரி பூரா வீட்டுல கிடக்குதே, கெட்டுப்போயிடக் கூடாதுன்னு தினமும் நல்லாக் கொதிக்க வெச்சுத்தானேம்மா இவர் கையில குடுத்தனுப்புறேன்!”