டமாலுக்குப் பட்ட குத்து

ஓர் ஆளைக்கூடத் தொடாமல் ஊரையே அடித்து வீழ்த்திய குத்துச்சண்டை வீரர் உலகத்தில் ஒருவர்தான். 1991-இல் அவர் மண்ணூரில், நான் ஸ்டோர் கணக்கராக இருந்த பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார். பெயர் டமால். அப்பா அம்மா வைத்த பெயர் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

கோயில் திருவிழா எதுவானாலும் டமால் சண்டை உண்டு. முஷ்டி எதிராளியின் தாடைக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். அதே நொடியில் இடது கை சொந்தத் தொடையில் 'டமால்' என்று அறையும். எதிராளி சுருண்டு விழுவான். "என் குத்தப் பாத்தவன் எவனும் கெடையாது சார்" என்பார். உண்மைதான். இல்லாததை எப்படிப் பார்ப்பது?

அந்த ஆடியில் எங்கள் பட்டறைத் தேவராஜுக்குப் பென்னலூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே குறை: பையன் ஒல்லி. "ஊதுனா பறந்துருவான்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். திருவிழா பார்க்க அவர் வருவதாகச் சேதி வந்ததும் டமால் ஒரு முடிவெடுத்தார்.

"டேய், இந்த வாட்டி நீ ஜெயிக்கிற. நா வுழுறேன்."

"அண்ணே, நீ வுழுந்ததே இல்லியே!"

"அதுல இன்னாடா கீது? நா 'ஊம்'னு சொன்னதும் கைய வுடு. மூஞ்சத் திருப்பிக்கினு, தொடையில அறஞ்சிகினு, பொத்துனு வுழுந்துர்றேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், மிஷின்கள் நின்றிருக்கும்போது ஒத்திகை பார்த்தார்கள். அருமையாக வந்தது.

திருவிழா மாலை நான்தான் நடுவர். பக்கத்தில் பம்பை முழங்குகிறது. ஆறு வருஷம் பிரஸ் சத்தத்தில் மந்தமான காது தேவராஜுக்கு. டமால் 'ஊம்' என்றார், கை வரவில்லை. முகத்தைத் திருப்பி, தொடையில் அறைந்து, 'எங்கே குத்து?' என்று திரும்பிப் பார்த்தார். அப்போது வந்தது. நேராக வாயில்.

டமால் விழவில்லை. வாழ்க்கையில் முதல் அசல் குத்து. விழவேண்டும் என்பதே மறந்து, கோயிலில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

"இன்னாபா இது, மாப்ள குத்துனது கொசு குந்துன மாதிரி கீது. அந்தாளு நின்னுகினே கீறாரு!" என்றார் முன்வரிசையில் பெண்ணின் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தும் விட்டார்.

அது டமால் காதில் விழுந்தது. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, "ஊம்! ஊம்டா, பேமானி!" என்று கத்தினார். தேவராஜ் பதறி வீசிய கை ஒரு முழம் தள்ளிப் போனது. டமால் பறந்தார். கொட்டகைக் கம்பம், ரேடியோ செட், தர்மகர்த்தாவின் நாற்காலி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு விழுந்தார். விசில் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. பெண்ணின் அப்பா பயந்துபோய், "மாப்ளே, போதும்பா, வுட்ருங்க" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பல்லைக் காகிதத்தில் மடித்தபடி டமால் என்னிடம், "பட்டுச்சுன்னு அவன்கிட்ட சொல்லாத சார். கல்யாண நேரத்துல மனசு கஷ்டப்படுவான்" என்றார்.

ஆவணியில் கல்யாணம். மணமேடையிலிருந்து இறங்கியதும் தேவராஜ் என்னை ஓரங்கட்டினான். "சார், நீ கிட்ட நின்ன. அன்னிக்கு அண்ணனுக்குப் பட்டுச்சா?"

ஒரு தேதி தப்பினாலும் ஒரு மணி நேரம் வாதாடுகிற ஆள் நான். "படலப்பா, ஒரு சாண் தள்ளித்தான் போச்சு" என்றேன்.

பந்தியின் கோடியில் டமால், வடையைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டு, மூன்றாவது முறையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.