கமெராவின் பகல் நித்திரை

கொக்கட்டிச்சோலை.

அன்பு மச்சான் நல்லரத்தினத்துக்கு, உன் அக்காவின் புருஷன் தங்கராசா சொந்தக் கையால் எழுதுவது. நாங்கள் சுகம். மாங்கேணியில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இதை எழுத மூன்று நாள் பிடித்தது, ஆகவே ஆறுதலாக வாசி.

சாலிஹ் முதலாளியின் இறால் பண்ணையில் பகல் காவலிருந்த நான் ஒரு நாள் சற்றுக் கண்ணயர்ந்தேன் என்று என்னை நிறுத்திவிட்டு, செயற்கை அறிவுக் கமெரா பூட்டினார்கள் அல்லவா? நீயும் தொலைபேசியில், "அத்தான், அது நித்திரையே கொள்ளாது. நீங்க வீட்ட வடிவாப் படுங்க" என்று சிரித்தாய். இப்போது கேள். கமெராவுக்கு முதலில் நீர்நாயைப் படிப்பித்தார்கள், கண்டதும் சைரன் அடித்தது. பிறகு நீர்க்காகத்தைப் படிப்பித்தார்கள், உடனே நீர்நாயை மறந்துபோனது. நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்து பட்டப்பகலில் இறால் தின்றன. திரும்ப நீர்நாயைப் படிப்பித்தால் நீர்க்காகம் மறந்துபோனது. கமெரா பூட்டிய கம்சாயினி என்ற பிள்ளை குளக்கட்டில் தலையில் கைவைத்து இருந்தாள். விட்டுவந்த குடையை எடுக்கப் போன நான் சும்மா வருவேனா?

"என்ன புள்ள, அதுக்கு நித்திரை காணாது" என்றேன்.

"மெஷினுக்கு என்ன நித்திரை ஐயா?"

"நான் இந்த வயசில வாசிகசாலையில எழுத்துப் படிக்கக்குள்ள இதான் நடந்தது. 'க' படிச்சா 'அ' போயிரும். படுத்தெழும்பினா ரெண்டும் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "ஓம் ஐயா! புதுசா ஒண்டும் காட்டாம, பார்த்ததெல்லாத்தையும் தனக்குள்ள திருப்பிப் பார்க்க விட்டா சரிவரும்" என்று துள்ளி எழும்பினாள். பன்னிரண்டு தொடக்கம் இரண்டு மணிவரை கமெராவுக்கு நித்திரை என்று வைத்தாள். ஒரு கிழமைக்குள் நீர்நாயும் நீர்க்காகமும் அதன் நினைவில் ஒன்றாக நின்றன.

ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் இறாலை யார் பார்ப்பது? முதலாளி வானத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "தங்கராசண்ணே, நாளைக்கு வாங்களன்" என்றார். நித்திரைக்காரன் என்று துரத்தப்பட்டவன், நித்திரை கொள்ளாத இயந்திரத்தின் நித்திரைக்குக் காவல்! இதை மாங்கேணிச் சந்தியில் நின்று உரத்து வாசி.

உன் அக்கா சீதேவிப்பிள்ளை பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். எங்கள் கோயில் தான்தோன்றீஸ்வரர் உன் வீட்டுக்குக் காவலிருப்பார். அவரும் என்னைப்போலக் கண்ணயராதவர்.

இப்படிக்கு,
தங்கராசா (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பி.கு.: சந்தியில் வாசிக்க வேண்டாம். இன்று இரண்டு மணிக்குக் கமெரா சொன்னபடி எழும்பிவிட்டது. நான்தான் எழும்பவில்லை. சைரன் அடித்து எல்லோரும் ஓடிவந்தார்கள். கம்சாயினியின் தொலைபேசியில் நான் குளக்கட்டில் படுத்திருக்கும் படம், கீழே 'நீர்நாய்' என்று எழுத்து. உன் பக்கம் கமெரா இல்லாத காவல் வேலை ஏதும் இருந்தால் அறிவி. ஆனால் மச்சான், அந்த எழுத்தை முதலாளிக்கு முன்னமே நானே கூட்டி வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை.