மாமியும் நானும் கானுக்குள் விழுந்த கதை

புது மாப்பிள்ளை என்பவன் எந்த ஊரிலும் கொஞ்சம் அளப்பான். நான் கொஞ்சம் கூடுதலாகவே அளந்தேன். அதற்குக் காரணம் மாமாவும் இல்லை, மனைவியும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற மாமி.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். சாகாமத்து வயல்களுக்குள் வளர்ந்த நான், கல்முனையில் கடலுக்குக் கிட்ட இருந்த பெண் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். அங்கே ஒன்றைத் தவிர எந்தக் குறையும் இல்லை. மாமி என்னோடு கதைக்க மாட்டார். (மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் கிடையாது. பழைய ஊர் வழக்கம், அவ்வளவுதான்.) நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"ரிஹானா, அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் வேணுமா எண்டு கேளு புள்ள."

"போதும் எண்டு சொல்லுங்க" என்று நான் மனைவியிடம் சொல்வேன். நடுவில் அகப்பட்ட ரிஹானாவுக்குத்தான் சோறு ஆறிப்போகும்.

சின்ன வயதிலேயே உம்மாவைப் பறிகொடுத்தவன் நான். மாமி ஒரு தரம் 'மகன்' என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காக ஏங்கினேன்.

யுத்தம் முடிந்த பிறகு, அம்பாறைப் பக்கம் ஒரு மைதானத்தில் போர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வான் பிடித்து எல்லோரையும் ஏற்றினேன். வழி நெடுக அளந்தேன். பேச்சு மாமாவோடு, காது மட்டும் மாமி இருந்த பின் சீட்டில்.

"சத்தத்த வெச்சே சொல்லுவன் மாமா, கிபிரா ஹெலியா எண்டு. நாங்க அதுக்குக் கீழதானே வளர்ந்த."

"பயமில்லையா?" என்றார் மாமா.

"என்ன பயம், பழகிப்போன சாமான்தானே."

(பழகியது உண்மை. எப்படிப் பழகியது என்பதைத்தான் சொல்லவில்லை. காட்டுக்குள் குண்டு போடப் போகிற கிபிர் விமானங்கள் எங்கள் வயலுக்கு மேலால்தான் போகும். சத்தம் கேட்டால் பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் குப்புற விழ வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். வாப்பாவை நானும், என்னை வாப்பாவும், ஒருமுறை உரம் விற்க வந்த மனிதரை இருவருமாகச் சேர்ந்தும் இழுத்திருக்கிறோம்.)

மைதானத்தில் நல்ல சனம். மழைத்தண்ணீர் ஓடும் கான் ஒன்றின் ஓரமாக இடம் பிடித்தோம். நெரிசலில் மாமி எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். எதிரே ஓர் ஓலைக் குடிசை கட்டி வைத்திருந்தார்கள். விமானம் வந்து அதைத் தாக்குவது போல் நடித்துக் காட்டப் போகிறார்களாம். நான் மாமாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தது கிபிர்தான். ஆனால் அதைச் சொல்ல நான் மேலே நிற்கவில்லை. சத்தம் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போய், குடிசை வெடித்துப் புகை கிளம்பியபோது, நான் கானுக்குள் குப்புறக் கிடந்தேன். தனியாக இல்லை. என் கை மாமியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. மாமியின் புது அபாயா முழுக்கச் சேறு.

சுற்றி நின்றவர்கள் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாமா மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்தபடி, "மருமகன், இது கிபிரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனிப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். எழும்பவும் உடம்பு கேட்கவில்லை. மாமியின் மணிக்கட்டையும் விடவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து ஹெலி ஒன்று தாழ்வாக வந்தது. நான் இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் புதைந்தேன்.

"பயப்படாதீங்க மகன்" என்றது காதருகே ஒரு குரல். "கிபிர் போயிட்டு. இது நல்லது. சுனாமிக்கு எங்களுக்குப் பாண் கொண்டுவந்தது இதுதான்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாமி சேற்றில் இருந்தபடியே மேலே பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். கடல் வந்து போன பிறகு, பள்ளிக்கூட மேல்மாடியில் ரிஹானாவை அணைத்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் கையசைத்தாராம். ஹெலியில் இருந்து பேக்கரிப் பாண் பொதி விழுந்ததையும், பசியோடு அங்கிருந்த எல்லோருக்கும் அதைப் பிய்த்துக் கொடுத்ததையும் கானுக்குள் இருந்தே சொன்னார். நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். கண்ணுக்குள் சேறு போய்விட்டது என்று மாமாவிடம் சமாளித்தேன்.

அன்றைக்குத் திறந்த வாயை மாமி பிறகு மூடவே இல்லை. ("அவ என்ட உம்மாவா, உங்கட உம்மாவா?" என்று ரிஹானா கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.) வானத்தில் ஏதாவது இரைந்தால் போதும், குசினியில் இருந்து கேட்பார்:

"மகன், இது கானுக்குள்ள விழுற சத்தமா, பாண் சத்தமா?"

சத்தத்தை வைத்தே சொல்பவன் நான்தானே. இப்போது என் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். கிபிர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எது பறந்தாலும் "பாண்" என்றே சொல்லிவிடுகிறேன்.