மகளுக்கு நான் குரல் கொடுத்த விவரம்

அன்புள்ள தங்கைக்கு, உன் அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் நலம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது இந்தக் கடிதத்தின் பொருள் அல்ல. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்பியே எழுதுகிறேன். இல்லையென்றாலும் முதலில் என் கதையைக் கேட்டுவிடு. உன் மருமகள், அதாவது நான் பெற்ற ஒரே மகள், என்னோடு பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.

உனக்குத்தான் தெரியுமே, வாரம் ஐந்து நாள் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கு அளவு பார்த்துவிட்டு, சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவள் அவள். இன்டர்நெட்டில் ஆடுகிற சண்டை விளையாட்டு, அணிக்கு ஐந்து பேர், எல்லோர் கையிலும் துப்பாக்கி, யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது, எல்லாம் மைக்கில்தான் பேச்சு. அந்த விளையாட்டில் அவளுக்குப் பெயர் கருவண்டு. காலடிச் சத்தத்தை வைத்தே எதிரி எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான் என்று சொல்லிவிடுவாள், நான் மூன்று தடவை கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. ஆனால் அங்கே அவளைச் சொல்ல விட்டால்தானே? ஒரு நாள் ஹெட்போன் ஒயர் கழன்று அத்தனை பேச்சும் கூடம் முழுக்கக் கேட்டது. இடது பக்கம் ஆள் வருகிறான் என்று இவள் சொல்கிறாள், அதற்கு ஒருவன் போட்டோ அனுப்பு என்கிறான், இன்னொருவன் அடுப்பில் பால் பொங்குகிறது, போய்ப் பார் என்கிறான், சுத்தியல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு தடியன் சொன்னதை எழுத என் பேனா கூசுகிறது. இவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தினம் கேட்டுப் பழகிய முகம். அதைப் பார்த்துத்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்தவன் நான், கோபம் வந்தாலும் என் வாயில் அதுதான் வருகிறது. மைக்கைப் பிடுங்கி, "பயணிகளின் கவனத்திற்கு. தகாத வார்த்தை பேசுகிறவர்கள் உடனடியாக இறங்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றேன். அதற்குச் சுத்தியல், ப்ரோ வாய்ஸ் செம, நீங்களே கேப்டனாக இருங்கள் என்றான். இவ்வளவு நேரம் எவளோ மைக்கை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள், உண்மையான கருவண்டு இப்போதுதான் வந்திருக்கிறார் என்று அந்தப் புத்திசாலிகளுக்கு நினைப்பு. எனக்கு அப்போது தோன்றிய யோசனைதான் என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல். விளையாடுவது அவள், வாய் மட்டும் நான். அவள் முணுமுணுப்பாள், நான் முழங்குவேன். "வடக்கு வாசல் வழியாக இரண்டு எதிரிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று நான் சொன்னால் நான்கு பேரும் கேள்வி கேட்காமல் ஓடுவார்கள். அவள் அதையே சொன்னபோது ஒருத்தன் அசைந்ததில்லை.

ஏழு சனிக்கிழமை தொடர்ந்து ஜெயித்தோம். பார்த்தாயா, ஜெயித்தோம் என்று எழுதுகிறேன். எனக்குச் சுடுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர்கள் என்னைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்குத் தவிர யாராவது என் ஜன்னலைத் தட்டியதுண்டா? மயங்கிவிட்டேன், தங்கச்சி. வெள்ளிக்கிழமையே உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்க ஆரம்பித்தேன். மறுபடியும் வேலையில் சேர்ந்துவிட்டீர்களா என்றுகூட உன் அண்ணி கேட்டாள். எட்டாவது சனிக்கிழமை மகள் முணுமுணுத்ததை விட்டுவிட்டு என் சொந்தப் புத்தியில் பின்வாசலில் கூட்டம் இருக்காது என்று நான்கு பேரையும் அங்கே அனுப்பினேன். நான்கு பேரும் செத்தார்கள். பரவாயில்லை தலைவரே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு குண்டு தவறியதற்கு அவளை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கிற நாள் வந்தது. நடத்துகிறவர்களும் மைக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு நானே பேசுகிறேன் என்றாள். வேண்டாம் பாப்பா, காரியம் கெட்டுவிடும் என்றேன். பாதி ஆட்டத்தில் என்னைத் தள்ளிவிட்டு அவளே மூன்று வார்த்தை பேசினாள். உடனே சுத்தியல், "யாரு தலைவரே அந்தப் பொண்ணு?" என்று கேட்டான். அவன் கேட்டதுகூடப் பெரிதில்லை. நான் சொன்ன பதில் இருக்கிறதே. "ஒண்ணுமில்லப்பா, என் பொண்ணு, டீ கொண்டுவந்தா" என்றேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரையில் கருவண்டு நின்ற இடத்திலேயே நின்றது, எவனோ வந்து சுட்டுவிட்டுப் போனான். ஹெட்போனைச் செருப்புப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதுவரை ஆடியதைப் பார்த்தே கருவண்டு தேர்வாகிவிட்டதாக மறுநாள் மின்னஞ்சல் வந்தது, என்னை 'ஐயா' என்று விளித்து. அந்தத் தடியன்கள் அவள் குரலை அடக்கினார்கள் என்று அடித்துக்கொண்ட நான், அவளை என் வாயாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

உன்னிடம் கேட்பது இதுதான். அவளுக்கு உன்மேல் தனிப் பிரியம். அவள் மனம் உடைந்துபோயிருக்கிறாள், விளையாட்டையே வெறுத்துவிட்டாள், எனக்காக அல்ல, அவளுக்காக நீ வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லித் திரும்ப விளையாட வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உன் குடும்பம் குறையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாய் இருந்த அளவு புத்தி இல்லாத உன் அண்ணன்

பின்குறிப்பு: முகவரி சரிதானா என்று பார்க்கச் சொல்லி இதை அவளிடமே நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டாள். "என் மனசு உடைஞ்சுபோச்சு, விளையாட்டு வெறுத்துப்போச்சுன்னு அத்தைக்கு எழுதியிருக்கீங்களே. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. ஆகவே மேலே அவளைப் பற்றி எழுதியது எதையும் நம்பாதே. கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதக் கூடாதாம், அவளே உனக்குச் சொல்வாளாம். ஃபோன் வரும், எடு.