அபயனின் காலை நடை

நான்காவது நாளும் ஆடு காலை எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பியது.

தரணேந்திரன் கொல்லைப்படலைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஆடு அவசரப்படாமல் உள்ளே வந்தது. குளம்புகள் நான்கும் ஈரமாக, யாரோ கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன. பத்து நாளாக ஊரில் மழை இல்லை. வாயோரத்தில் அகத்திக்கீரைக் காம்பு ஒன்று, வாழைநார் முடிச்சோடு தொங்கியது. ராயபுரத்தில் எந்த வேலியிலும் அகத்தி வாழைநாரோடு முளைப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

அவர் அறுத்து வைத்திருந்த புல்லை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டு அவரைப் பார்த்தது. ஆட்டுக்குக் கண்மணி வட்டமாக இராது. படுக்கைவாட்டில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் தான் எப்படித் தெரிகிறோம் என்று நினைத்துப் பார்த்த தரணேந்திரன், நினைக்காமலே இருந்திருக்கலாம் என்று உள்ளே போய்விட்டார்.

அவர் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலுமாக இருந்த பதினாறு சமணக் குடும்பங்கள் நடத்திய ஜீவதயா சங்கத்துக்குக் காரியதரிசி. பகவான் மகாவீரர் முக்தியடைந்து இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டு அது. அதையொட்டிச் சங்கம், அறுப்புக்குப் போகவிருந்த ஓர் ஆட்டை வாங்கி, உயிர்ப்பிச்சை கொடுத்து, அபயன் என்று பெயரும் சூட்டியிருந்தது. கொல்லை உள்ள வீடு தரணேந்திரனுடையது மட்டுமே என்பதால் ஆடு அவர் பொறுப்பில் வந்தது. தன் பொறுப்பில் உள்ள ஓர் உயிருக்குக் கேடு வந்தால் ஒரு நாள் உபவாசம் என்று அவர் சங்கத்தார் முன்னிலையில் விரதம் எடுத்துக்கொண்டார்.

புளியந்தோப்புச் சந்தையில் ஆட்டைத் தேர்ந்தெடுத்தபோது சங்கத் தலைவர் ஜீவேந்திர நயினார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நிபந்தனை போட்டுப் பழகியவர். கயிறு கட்டி இழுப்பது ஹிம்சை, ஆகவே எது தானாக வருகிறதோ அதுவே நம் ஆடு என்றார். மற்றதெல்லாம் மிரண்டு ஒதுங்க, ஒரு பெரிய கறுப்புக் கடா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தரணேந்திரன் முன்னால் நின்றது. இவர்கள் நடந்தார்கள், அது பின்னால் வந்தது. கல்மண்டபம் வருவதற்குள் அது முன்னாலும் இவர்கள் பின்னாலுமாக ஆகியிருந்தது. அது எப்போது மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை.

இப்போது தினமும் விடியுமுன் கிளம்பிப் போய்விடுகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதுதான் பிரச்சினை, முதலில் அது மட்டும்தான் பிரச்சினை.

கட்டிப் போடலாமே என்றால் முடியாது. கொல்லாமை விரதத்தைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்து என்று சாஸ்திரம் சொல்கிறது. கட்டிப்போடுவது அதில் முதலாவது. பின்னாலேயே போய்ப் பார்க்கலாமே என்றால் அதுவும் முடியாது. தரணேந்திரன் விடியுமுன் தெருவில் நடப்பதில்லை. இருட்டில் காலடியில் எது நசுங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? விளக்கை எடுத்துக்கொண்டு போனால் அதில் விட்டில் வந்து விழும்.

"தனியா இருக்குதில்லைங்க, அதான் துணை தேடிப் போவுது" என்றாள் அவர் மனைவி மருதேவி.

நியாயமாகப் பட்டது. சங்கத்தில் சொல்லி ஒரு செம்பழுப்புப் பெட்டையை மீட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் விடியுமுன் இரண்டும் கிளம்பிப் போயின. எட்டு மணிக்கு ஒன்று திரும்பியது.

தரணேந்திரன் அன்று உபவாசம் இருந்தார். ஒரு துணை போதவில்லை போலிருக்கிறது, வெளியே போகவே தோன்றாதபடி ஒரு குடும்பமாக இருந்தால் என்ன என்று யோசித்து, இன்னும் இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்தார். படலுக்குப் புதிதாகக் கொண்டியும் போட்டார். மறுநாள் கொண்டி கொம்பினால் நெம்பி எடுக்கப்பட்டு ஓரமாகக் கிடந்தது. எட்டு மணிக்கு ஈரக் குளம்புகளோடு அபயன் மட்டும் வந்து, சுவரோரம் நின்று, அவரைப் பார்த்தது.

அவர் மேலும் இரண்டு நாள் உபவாசம் இருந்தார்.

மூன்றாம் நாள் சொக்கம்மாள் வந்தாள். அடுத்த சந்தில் துறைமுகக் கூலிகளுக்கு ஆப்பம் சுட்டு விற்பவள். பாலுக்காக இரண்டு ஆடு வைத்திருந்தாள். சண்டைக்கு வந்தவள்போல் இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

"ஒங்க ஆடு எங்கூட்டாண்ட வந்து நின்னுச்சு சாமி. கத்தல கித்தல, சும்மா நின்னுச்சு. எங்கூட்டு ஆடு ரெண்டும் எய்ந்து அது பின்னால போய்க்கினே கீது."

"நீங்க கூப்பிட்டுப் பார்க்கலையா?"

"கூப்டேன். ஒங்க ஆடுதான் திரும்பிப் பாத்துச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது பாத்த பார்வைக்கு நானே ரெண்டு அடி பின்னால வெச்சிட்டேன். அடுப்புல சட்டி கீதுன்னு நெனப்பு வந்துச்சோ, பொழச்சேன்."

சொக்கம்மாளின் ஆடுகள் தன் பொறுப்பில் சேருமா சேராதா என்று தரணேந்திரன் ஒரு முழு மாலை யோசித்தார். சேராது என்ற முடிவு சௌகரியமாக இருந்தது. சௌகரியமாக இருந்ததாலேயே அதன்மேல் சந்தேகம் வந்து, இரண்டு நாள் உபவாசம் இருந்தார். அறுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சங்கத்தில் சொல்லி இன்னொரு பெட்டையை மீட்டு அவளுக்கு ஈடாகக் கொடுத்தார். ஒரே ஒரு நாள் அது அவள் வீட்டில் பால் கறந்தது. மறுநாள் காலை அதையும் காணோம். சொக்கம்மாள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லியனுப்பினாள்.

"ஆடு போற வேகத்துல நீங்களும் போயிடுவீங்க" என்றாள் மருதேவி. அவருடைய வேட்டி இடுப்பில் நிற்க மறுத்து இரண்டு நாளாயிருந்தது.

அடுத்து அவர் செய்தது ஒரு வெண்கல மணியை அபயன் கழுத்தில் தளர்வாக மாட்டியது. கிளம்பும்போது விழித்துக்கொள்ளலாம், குரல் கொடுத்து நிறுத்தலாம் என்பது திட்டம். விழித்துக்கொண்டார். குரல்தான் வரவில்லை.

வாசற்படியில் நின்றார். வெளியே கறுப்பு. ரயில்வே யார்டுப் பக்கமிருந்து கரிப்புகை வாடை. மணி ஒரே சீராக, பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று தொலைந்துகொண்டிருந்தது. அது நின்றபோதெல்லாம், அதன் பின்னால் வேறு காலடிகள் வந்து சேர்வது கேட்டது. எந்தெந்த வீட்டு ஆடுகளோ. அவர் இருட்டுக்குள் ஒரு காலை நீட்டினார். கீழே எறும்புச்சாரி இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது, காலை இழுத்துக்கொண்டார். எட்டு மணிக்கு மணி திரும்பி வந்தது. கூட வேறு காலடி எதுவும் இல்லை.

விஷயம் தலைவர் காதுக்கு எட்டியது. ஜீவேந்திர நயினார் கொல்லைக்கு வந்து, ஆட்டின் எதிரே நாற்காலி போட்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். பொழுது சாய்ந்தபின் அகத்திக்கீரையை நீட்டினார். ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இராப்போசனம் தவிர்க்குது பார்த்தியா" என்றார் தலைவர். நாற்காலியை விட்டு எழுந்து ஆட்டைக் கும்பிட்டார்.

அதன் பிறகு எதையும் நிறுத்த முடியவில்லை. அபயன் முக்திக்குரிய ஒரு பவ்ய ஜீவன் என்றும், தானும் கரையேறி மற்ற உயிர்களையும் கரையேற்றப் பிறந்தது என்றும், கூடப் போன ஆடுகள் திரும்பாததற்குக் காரணம் திரும்பத் தேவையில்லாத இடத்துக்குப் போய்விட்டதுதான் என்றும் தலைவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசினார். வண்ணாரப்பேட்டையிலிருந்து பெண்கள் வந்து ஆட்டின் ஈரக் குளம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தீபாவளி விடியலில், மகாவீரர் முக்தியடைந்த அதே வேளையில், அபயன் முன்செல்ல இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் நினைவாக இருபத்து நான்கு ஆடுகளை மீட்டு ஊர்வலம் விடுவது என்று தீர்மானமாயிற்று. ஆடுகளின் பொறுப்பு, வழக்கம்போல், காரியதரிசிக்கு.

தரணேந்திரன் இருபத்து நான்கு உபவாசங்களை மனத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். வரிசையின் கடைசியில் அவர் இல்லை. ஆனால் அன்று அவரைத் தூங்கவிடாதது அது அல்ல. வெண்கல மணிக்குப் பின்னால் நடந்துபோன காலடிகள்தான்.

மறுநாள் தலைவரிடம் போனார்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அது கூட்டிக்கிட்டுப் போற இடம் நல்ல இடமா இருக்குமான்னு..."

"நீ பார்த்தியா?"

"இல்லைங்க."

"பார்க்காத ஒண்ணை ஒரு வாயில்லாத ஜீவன்மேல சொன்னா அதுக்குப் பேர் என்ன?"

"வாக்கினால் செய்யிற ஹிம்சை" என்றார் தரணேந்திரன். சிறுவர் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்துவதே அவர்தான். வீட்டுக்கு வந்து அதற்கும் ஒரு நாள் உபவாசம் இருந்தார்.

தீபாவளியன்று கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளுத்ததும் சங்கத்து மண்டபக் கதவு திறந்தது. பதினாறு குடும்பமும் வெள்ளை உடுத்தி, வெறுங்காலோடு நின்றது. திரும்பி வந்து பூஜை முடிக்கும்வரை அனைவருக்கும் மௌன விரதம். தலைவர் மட்டும், அவசரத்துக்கு என்று, கழுத்தில் சிலேட்டுப் பலகையும் பல்பமும் மாட்டியிருந்தார். கல்மண்டபம் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. இரவு முழுக்க மண்டபத்தில் அடைபட்டிருந்த அபயன் பரபரப்பாக முதலில் வெளியே வந்தது. இருபத்து நான்கும் வரிசை கலையாமல் பின்னால் வந்தன. எங்கோ யானைவெடி வெடித்தது. ஆடுகள் சிதறவில்லை, அபயனுக்கு இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டன. மனிதர்களும் ஒட்டிக்கொண்டார்கள்.

கல்மண்டபம் வந்தது. அபயன் திரும்பவில்லை. மேற்கே நடந்தது.

தரணேந்திரன் முன்னால் ஓடிக் கையை விரித்து நின்றார். ஆடு அவரைப் பார்த்தது. அவருடைய கைகள் தாமாகக் கீழே இறங்கின. எப்படியென்று தெரியாமல் அவர் விலகி வழிவிட்டிருந்தார். தலையை ஆட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், வந்த வழியைக் காட்டினார். அவருடைய பக்தியைக் கண்டு இரண்டு பெண்கள் கண் கலங்கினார்கள்.

பேசின் பிரிட்ஜ் வந்தது. மின்நிலையத்துப் புகைபோக்கிகளின் புகையும் பட்டாசுப் புகையும் கலந்து தெருவில் இடுப்பளவுக்கு நின்றது. முன்னால் போகிற ஆடுகள் தெரியவில்லை. மணிச்சத்தம் மட்டும் பத்தடிக்கு ஒருதரம் நின்று, எல்லாரும் வந்து சேர்ந்ததும் மறுபடி நகர்ந்தது. வெள்ளை வேட்டிகளும் புடவைகளும் சத்தமில்லாமல் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வாசலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பாலம் தாண்டினால் புளியந்தோப்பு, சந்தையை ஒட்டி ஆடறுக்கும் தொட்டி. தரணேந்திரன் தலைவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். தலைவர் பலகையில் நிதானமாக, கோணாத கையெழுத்தில் எழுதிக் காட்டினார்: "கொலைக்களத்துக்கே அகிம்சையை எடுத்துச் செல்கிறான்."

தரணேந்திரன் அதை இரண்டு முறை படித்தார். அப்படியும் இருக்கலாமோ என்று தோன்றியது. இத்தனை நாளும் இந்த ஜீவன் தினமும் அங்கே போய், அறுப்பவர்கள் முன்னால் நின்று, அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு வந்திருக்குமோ? போன ஆடுகளை அவர்களே மனம் மாறி எங்காவது மேயவிட்டிருப்பார்களோ? தான்தான் அற்பமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ? வெட்கமாக இருந்தது. அவர் வாயைத் திறந்து கத்த ஒரே ஒரு கணம் இருந்தது. விரதத்தை முறிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அதுவும் போயிற்று.

சந்துக்குள் ஒரு நீண்ட மதில், அதில் தகரக் கதவு. மதில்மேல் காக்கைகள் கரையாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளேயிருந்து சாணைக்கல்லில் எதையோ தீட்டும் சத்தம் வந்தது. கதவோரம் முக்காலியில் பீடி குடித்துக்கொண்டிருந்த காவல்காரர், மணிச்சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டித் தாழ்ப்பாளை விலக்கினார். அபயன் உள்ளே போயிற்று. இருபத்து நான்கும் போயின. பலகையோடு தலைவர் போனார். பெண்கள் போனார்கள். ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள் வழுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக, நிற்கவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, தரணேந்திரனும் படி தாண்டினார்.

காவல்காரர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அப்போதுதான் அவர் கண்ணில் தரணேந்திரனுடைய கால்கள் பட்டன. கால்களிலிருந்து வேட்டிக்கு, வேட்டியிலிருந்து முகத்துக்கு மெல்ல ஏறி வந்த அவர் பார்வை, உள்ளே நின்ற வெள்ளைக் கூட்டத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. வாயிலிருந்து பீடியை எடுத்தார்.

"இன்னா நைனா இது, எட்டு வர்சமா அறுப்புக்கு ஆட்ட முன்னால நின்னு இட்டாறதுதான் இந்தக் கடாவோட வேலை, மன்சாள இட்டாந்து வுட்டது இன்னிக்குத்தான் மொத தபா."