கறள் காவலர்

மொன்றியலில் குளிர்காலத்தோடு வெளியே வரும் ஒரு மனித இனம் உண்டு. தன் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று இந்த இனத்துக்குத் தெரியாது. ஆனால் தன் காரின் அடிவயிற்றில் எத்தனை இடத்தில் கறள், அதாவது துரு, பிடித்திருக்கிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லும். பனி உருகட்டும் என்று நகரசபை வீதியில் தூவுகிற உப்பு, தன்னுடைய காரைத் தின்பதற்கென்றே தூவப்படுகிறது என்பது அதன் அசையாத நம்பிக்கை. கறள் காவலர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இல்-பிசார் தீவில் எங்கள் அயலவரான பேரின்பநாதன் அண்ணை இந்த இனத்தின் அசல் மாதிரி. தீபாவளிக்குத் தன் தலையில் எண்ணெய் வைத்தாரோ இல்லையோ, அந்த வாரம் காரைக் கொண்டுபோய் கறள் பிடிக்காமலிருக்க அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் அடிப்பித்துவிடுவார். பிறகு, உப்பு லொறியைக் கண்டால் முக்கால் கிலோமீற்றர் பின்தங்குவதும், வீட்டுக்கு வருபவரிடம் சுகம் கேட்க முதல் “எந்த றோட்டால வந்தனீர், உப்புப் போட்டிருக்கோ?” என்று விசாரிப்பதும், காரில் ஏறுபவர் இரண்டு சப்பாத்தையும் மூன்று மூன்று தரம் தட்டும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், சூடான கராஜுக்குள் விட்டால் உப்புக்கு உயிர் வந்துவிடும் என்று விருந்துச் சாப்பாட்டின் நடுவில் வகுப்பெடுப்பதுமாகப் பங்குனி வரை போகும்.

இந்தக் கார் ஏன் வாங்கப்பட்டது? தீவுக்குள் பஸ் குறைவு. மனைவி தாட்சாயினி அக்கா புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போகவேண்டும். அதற்காகத்தான். முதல் பனி விழுந்ததும் காரைக் காப்பாற்றுவதற்காக அக்கா பஸ்ஸில் போகத் தொடங்குவார்.

போன தை மாதம் ஒருநாள் காலை, மழை பெய்து அப்படியே உறைந்துபோயிற்று. பக்கத்து வீட்டு எமிலியானுஸ் ஒரு வாளி உப்போடு வந்து நின்றான்.

“அண்ணை, உங்கட படி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் எறிஞ்சு விடட்டோ?”

“உப்போ? இஞ்சையோ? வேண்டாம் தம்பி. கார் ரயரில ஒட்டி மேல ஏறீடும்.”

“அப்ப மணல் போடுவம்.”

“பெயின்ற் கீறும்.”

“அக்கா எப்பிடி இறங்கிறது?”

“அவ பாத்து நடப்பா.”

அக்கா பார்த்துத்தான் நடந்தார். மூன்றாவது படியில் விழுந்தார். வலது கை அடியில் மடங்கியது.

விழுந்த சத்தத்தைக் கேட்டு ஓடிவந்த அண்ணை, தானும் வழுக்கி அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அக்காவின் மணிக்கட்டு இருக்கவேண்டிய பக்கம் இருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லாமல் போயிற்று.

“எழும்பாதேங்கோ, திரும்பவும் விழுவியள்” என்று வலியோடு அக்காதான் சொன்னார்.

எமிலியானுஸ் யாரிடமும் கேட்காமல் வாளியைக் கவிழ்த்தான். படியிலிருந்து கார்வரை ஒரு வெள்ளைப் பாதை. அண்ணை தடுத்தாரா?

“போடு தம்பி. இன்னும் போடு.”

சப்பாத்தைத் தட்டச் சொல்லாமல் அக்காவை ஏற்றினார். பெரிய வீதியில் ஒரு உப்பு லொறி முன்னால் போனது. அதை ஒட்டியே ஓடினார். உப்புக்கல் காரில் சடசடவென்று விழுந்தது.

“உப்பு லொறிக்குப் பின்னால போறியளப்பா” என்றார் அக்கா.

“தெரியும். அதுக்குப் பின்னாலதான் வழுக்காது.”

ஆஸ்பத்திரியில் ஏழு மணித்தியாலம் காத்திருந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கட்டு ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு. அந்த ஆறு கிழமையும் அண்ணை சோறு காய்ச்சினார். அக்காவின் தலையைச் சீவிப் பின்னினார், முதல் நாள் பின்னல் காதுப் பக்கம் போய்விட்டது. கார் கழுவப்படவேயில்லை.

“அண்ணை, கார் கருவாடு மாதிரி நிக்குது” என்றான் எமிலியானுஸ்.

“நிக்கட்டும். அந்தக் கதவைத் திறந்து விடு, அவவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

ஆள் திருந்திவிட்டார் என்று கண்கலங்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கட்டு வெட்டிய அன்று, வீட்டுக்கு வரும் வழியில், அக்காவை உள்ளே வைத்துக்கொண்டே கார் கழுவும் இடத்துக்குள் நுழைந்து மூன்று தரம் அடிப்பக்கம் கழுவுவித்தவர் அவர். அடுத்த நாள் காலை அக்கா வேலைக்கு வெளிக்கிட்டு வந்து, சுகமாகிவிட்ட வலது கையை நீட்டினார்.

“கார்த் திறப்பைத் தாங்கோ.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை யன்னலைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். பிறகு யன்னல் திரையை இழுத்து மூடினார். குளிராம்.

சிரித்துவிட்டீர்களா? என்னிடம் காரே இல்லை, நான் தப்பினேன் என்கிறீர்களா? கார்தான் வேண்டுமென்று யார் சொன்னது? விருந்தாளி வந்தால் மட்டும் உறை கழற்றப்படும் சோபா இருக்கிறதா? வாங்கிய நாள்முதல் கண்ணாடி அலுமாரிக்குள் தேத்தண்ணியைக் காணாமலே கிடக்கும் பீங்கான் கோப்பைகள்? உங்கள் வீட்டில் எந்தப் பொருள் பழுதாகக் கூடாதென்று யார் சுற்றி நடக்கிறார்கள் என்று ஒருதரம் விசாரியுங்கள். உங்களை நீங்களே கேட்காதீர்கள், அதில் பயனில்லை. வீட்டிலுள்ள மற்றவரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றால், வாருங்கள், நீங்களும் எங்கள் ஆள்தான்.