வலத்தனுக்கு மூன்று நாள்

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் வருகிற போகம் என் வயலில் கோரைப்புல் மட்டும் விளையட்டும்.

அறுபத்தோராம் ஆண்டு தை மாதம், உருத்திரபுரத்தில் ஒரு வியாழக்கிழமை. வீரகத்தியர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கிற பட்டிக்குக் காவற்காரரான ஏரம்பு வந்தார்.

"அண்ணை, உங்கட வலத்தன் பட்டியிலை நிக்குது. விடிய வெள்ளாப்பிலை நெல்லுக்கை நிண்டது. பிடிச்சு அடைச்சிட்டன்."

அவ்வளவுதான். காவல் வேலைச் சேதி போக, ஏரம்பு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். கேளாததைச் சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

வீரகத்தியரின் வாயிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது. சனிக்கிழமை கிளிநொச்சியில் மாட்டுவண்டிச் சவாரி! இடத்தனும் வலத்தனும் அவருடைய சோடி. ஆறு மாதமாக வீட்டிலுள்ள முட்டையெல்லாம் வலத்தனின் வயிற்றுக்குள்தான் போனது. அவருடைய குரலுக்குப் பறக்கும். வேறு ஆள் ஏறினால் படுத்துவிடும். அது கண்ட புல்லையும் தின்று வயிறு ஊதாமல் பார்த்துக்கொள்வது பெண்சாதி இராசமலரின் பொறுப்பு. அவளோ புதன் பின்னேரம் நெளுக்குளத்துத் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நெல்லுக்குள் பிடிபட்ட மாட்டுக்கு மூன்று நாள் பட்டி. யாருடைய மாடு, எவ்வளவு தின்றது என்ற கதைக்கே இடமில்லை. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் கமக்காரர் சங்கத் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, வீரகத்தியரேதான். போன மாதம் பத்மாசனியின் பால்மாடு வரம்பு தாண்டி ஒரு காலை வைத்துவிட்டது. கன்று கத்துகிறது என்று அவள் அழாக்குறையாகக் கேட்டபோது இவர் சொன்ன பதிலை ஊரே மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

"பிள்ளை, சட்டமெண்டது ஆணி மாதிரி. அடிச்சால் அடிச்சதுதான். வளைக்கேலாது."

அன்று காலை ஒன்பது மணிக்கே சங்கக் கொட்டிலில் அவசரக் கூட்டம். திருவிழாவுக்கு வராதவர்களும் வந்து நெருக்கியடித்தார்கள். வீரகத்தியர் எழுந்து, ஒரு வாய் தின்றதுக்கும் ஒரு வயல் தின்றதுக்கும் ஒரே தண்டனையா, இது அடுக்குமா என்று கேட்டார். குற்றத்தின் அளவுக்குத் தண்டனை இருக்கவேண்டும். நூறு பயிருக்கு ஒரு நாள். முதலில் கையுயர்த்தியவள் பத்மாசனி. அப்போதே அவர் யோசித்திருக்கவேண்டும்.

அந்த வயலில் கடிபட்டு நின்ற பயிரையெல்லாம் எண்ண ஏரம்பு போனார். மத்தியானம் வந்தார்.

"அறுநூற்றுப் பன்னிரண்டு."

ஆறு நாள்! சனி மட்டுமல்ல, ஞாயிறும் திங்களும் செவ்வாயும் போயிற்று. வீரகத்தியர் மறுபடியும் எழுந்தார். எண்ணிக்கை மட்டும் போதாது, குற்றவாளியின் குணத்தையும் பார்க்கவேண்டும், பாவம் அது அறியாமல் செய்தது என்றார்.

தவராசா எழுந்தான். அவனுடைய சோடியும் சனிக்கிழமை ஓடுகிறது.

"ஓமண்ணை, குணத்தைப் பாப்பம். வலத்தனுக்கு மனிசரிலும் புத்தி கூட, பேர் சொன்னால் திரும்பிப் பாக்கும் எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறனீங்கள்? அவ்வளவு புத்தியுள்ள மாடு அறியாமலோ செய்தது?"

கொட்டில் அதிர்ந்தது. அறிந்து செய்த குற்றத்துக்கு இரட்டிப்பு என்று ஒரே குரலில் தீர்மானமாயிற்று. பன்னிரண்டு நாள்.

வீரகத்தியர் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினார். குந்தியவர் குந்தின வேகத்தில் துள்ளி எழுந்தார். கண் இரண்டும் பளபளத்தன.

"மாட்டிலை என்ன பிழை? வேலியை அடைக்காமல் விட்டவனிலையெல்லோ பிழை. மாட்டை விடுங்கோ. அந்த வயல்காரனைப் பிடிச்சுப் பட்டியிலை அடையுங்கோ. பழையபடி மூண்டு நாள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், ஆரின்ரை முகத்தையும் பாக்கவும் வேண்டாம்."

ஊர் இப்படி ஒரு தீர்மானத்தைக் கண்டதில்லை. ஒரு மனிதனைப் பட்டியில் அடைத்துப் பார்க்கும் ஆசையில் கைகள் எல்லாம் மேலே போயின. பத்மாசனி இரண்டு கையையும் உயர்த்தினாள். தவராசாவின் கை மட்டும் பாதியில் நின்றது. அவன் வேலியிலும் மாடு நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு உண்டு.

"ஏரம்பண்ணை," என்றான் மெதுவாக, "அந்த வயல் ஆரின்ரை?"

காலையிலிருந்து யாரும் கேளாத கேள்வி.

"அண்ணையின்ரை."

"எந்த அண்ணை?"

"வேறை எந்த அண்ணை? தலைவரின்ரைதான்."

கொட்டிலில் எழுந்த சிரிப்பில் கூரைக் கிடுகுகள் கிளம்பின. வீரகத்தியர் வாயைத் திறந்தார். சொந்த வயலை மேய்ந்த மாட்டைப் பற்றி, சந்தர்ப்ப சூழ்நிலை பற்றி, கருணை பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

"ஆணி வளையுமோ அண்ணை?" என்றாள் பத்மாசனி.

ஊர்வலம் பட்டிவரை போயிற்று. குற்றவாளியை நேரில் போய்ப் பார்க்க ஒருவருக்கும் அதுவரை நேரம் கிடைத்திருக்கவில்லை. ஏரம்பு படலையைத் திறந்து வலத்தனை வெளியே விட்டார், தலைவரை உள்ளே விட்டார், படலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஊர்க் கண்ணெல்லாம் தலைவர் மேல்தான். சனிக்கிழமை மாடு வெளியே நிற்கும். அதை ஓட்டக்கூடிய ஒரே குரல் உள்ளே இருக்கும். வீரகத்தியர் கம்பு வேலியைப் பிடித்துக்கொண்டு, போகிற மாட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏரம்புக்கே மனம் இளகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேளாமலே வாய் திறந்தார்.

"அண்ணை, இராசமலரக்கா பஸ்ஸாலை இறங்கினவுடனை மாட்டின்ரை வாய்க்கூட்டைக் கழட்டச் சொல்லுறன். பாவம், புதன் பின்னேரம் அவா கட்டிவிட்டது, நான் நெல்லுக்கை பிடிக்கேக்கையும் வாயை இறுக்கி மூடினபடி அப்பிடியே கிடந்தது."